தூங்குமூஞ்சி மரத்து முனி

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் போதும். "நாங்கள்லாம் சின்னதா இருக்கறப்ப ஆத்துலயே கெடப்போம், மரத்துலயே தொங்குவோம்" என்று ஆரம்பித்துவிடுகிறோம். பேரப்பிள்ளைகள் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமல் 'ம்' கொட்டுகிறார்கள். நானும் அப்படிப் பீற்றிக்கொண்டவள்தான். ஆனால் உட்கார்ந்து யோசித்தால், எனக்கு ஆறும் மரமும் வாய்த்தது கொஞ்ச காலம்தான். அதன் பிறகு சிமெண்டும் வேலியும் இரும்புக் கதவும் வந்துவிட்டன. அவற்றைப் போட்டவர்களில் ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

போன மாதம் ஊர் மண்டபத்தில் ஒரு கூட்டம் நடந்தது. நகராட்சிக் கவுன்சிலிலிருந்து ஆட்கள் வந்து, ஆற்றோரமாக நடைபாதை போடப்போகிறோம், மக்களை இயற்கையோடு சேர்த்துவைக்கப் போகிறோம் என்றார்கள். அதில் எங்கள் மரத்தைப் பற்றிய பேச்சு வந்தது. அதனால்தான் இதையெல்லாம் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் ஊர் குளுவாங்குக்கும் ஆயர் ஈத்தாமுக்கும் நடுவில் இருக்கிறது. நெடுஞ்சாலையில் போகிறவர்கள் எங்களைக் கவனிக்கமாட்டார்கள். நாங்கள் இருந்த தோட்டம் கைமாறி, ரப்பரை அழித்துச் செம்பனை போட்டபோது, லயத்து வீடுகளிலிருந்து கிளம்பிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அப்பாவுக்கு லோரி ஓட்டத் தெரியும். கவுன்சிலில் லோரி டிரைவர் வேலை கிடைத்தது. நிரந்தர வேலை இல்லை. ஒழுங்காக இருந்தால் நிரந்தரம் ஆக்குவோம் என்று சொல்லி வைத்திருந்தார்கள். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் மலிவு வீட்டு வரிசையில் கடைசி வீட்டுக்குக் குடி வந்தோம்.

இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு. சுவர் எவ்வளவு மெல்லிசு என்றால், பக்கத்து வீட்டில் தும்மினால் எங்கள் வீட்டில் 'நூறு வயசு' சொல்லலாம். பகலில் தகரக்கூரை காய்ந்து, உள்ளே இருக்கவே முடியாது. அப்பாவின் குறட்டை வேறு. படுத்தார் என்றால் பாரம் ஏற்றிய லோரி மேடு ஏறுகிற சத்தம்தான். "இந்த மனுசனுக்குக் கனவுன்னு ஒன்னு வந்தாகூட அந்தச் சத்தத்துல பயந்து ஓடிரும்" என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள்.

ஆனால் பின்கதவைத் திறந்தால் எல்லாம் மாறிவிடும். புல்தரை, அதன் முடிவில் சின்ன ஆறு, ஆற்றங்கரையில் அந்த மரம்.

தூங்குமூஞ்சி மரம் உங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான். சாயங்காலம் ஆனால் இலையை மடித்துக்கொள்ளும். மழை வரப்போகிறது என்றாலும் மடித்துக்கொள்ளும். பக்கத்துக் கம்பத்து, அதாவது மலாய்க் கிராமத்து, பிள்ளைகள் 'புக்குல் லீமா' மரம் என்பார்கள், ஐந்து மணி மரம். எங்களுக்கு அதுதான் கடிகாரம். இலை மடங்கியதும் வீட்டுக்குள் போய்விட வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். நான் மேலே உட்கார்ந்து ஒவ்வொரு இலையாகப் பார்ப்பேன். ஒன்று மடங்காமல் இருந்தாலும் இறங்கமாட்டேன்.

கிளை பிரிகிற இடங்களில் பெரணிச் செடிகள் கூடை கூடையாக வளர்ந்திருக்கும். மழை பெய்து ஓய்ந்த பிறகு அவற்றுக்குள்ளிருந்து ஊறிய இலையும் மண்ணும் கலந்த ஒரு வாசனை வரும். காய்கள் கறுப்பாக, பிசுக்காக, நக்கினால் இனிப்பாக இருக்கும். கீழே ஆற்றில் விரால் துள்ளும். கரையெல்லாம் கங்கோங் கீரை. எப்போதாவது ஒரு பியாவாக் உடும்பு நாக்கை நீட்டிக்கொண்டு, தன் சொந்த வீட்டுக்குப் போவதுபோல் சாவகாசமாகப் போகும். தாழ்ந்த கிளையில் அப்பா லோரி டயர் ஒன்றைக் கட்டி ஊஞ்சல் போட்டுக் கொடுத்திருந்தார். எனக்கும் பக்கத்து வீட்டுப் பையனுக்கும் அதில் யார் முதலில் ஆடுவது என்று தினமும் சண்டை. அவன் என்னைவிடச் சின்னவன், அழுதே ஜெயித்துவிடுவான்.

மேலே, என் கைக்கு மட்டும் எட்டுகிற ஒரு கவட்டையில், பால்மாவு டின் ஒன்றை வைத்திருந்தேன். உள்ளே ரப்பர் கொட்டைகள், ஓர் உடைந்த வளையல், பள்ளியில் தோழி கொடுத்த மீன் படம் போட்ட அழிரப்பர். அந்த வீட்டில் எனக்கென்று ஒரு மூலைகூட இல்லை. அந்தக் கவட்டைதான் என் அறை.

அந்த வருஷக் கடைசி, பள்ளி விடுமுறை. மழைக்காலம். காலையில் கொஞ்சம் வெயில் காட்டிவிட்டு மத்தியானத்துக்கு மேல் கொட்டும். ஒரு நாள் நான் மரத்தில் இருந்தபோது கவுன்சில் லோரி புல்தரையில் வந்து நின்றது. அப்பாதான் ஓட்டி வந்திருந்தார். இஞ்சினியரும் அளவுகோல் பிடிக்கிறவர்களும் இறங்கினார்கள். ஆற்றில் வெள்ளம் வந்து தாழ்வான முன்வரிசை வீடுகளுக்குள் புகுந்ததால், ஆற்றை நேராக்கி, இரண்டு பக்கமும் சிமெண்டுச் சுவர் எழுப்பி, பிள்ளைகள் விழாமல் இருக்க வேலி போடுவது என்று கவுன்சிலில் திட்டம். வெள்ளம் புகுந்த வீட்டுக்காரர்கள் தாங்களே மனுக் கொடுத்துக் கேட்ட திட்டம் அது. யாரையும் குறை சொல்ல முடியாது.

அவர்கள் அளந்த கோடு நேராக மரத்தின் மேல் வந்தது. ஒருவர் சிவப்புச் சாயத்தால் அடிமரத்தில் பெருக்கல் குறி போட்டார். சாய டின்னைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அப்பா.

அவர்கள் ஆற்றின் மறுகோடிக்கு நடந்ததும் அப்பா அண்ணாந்து பார்த்தார். நான் அழுதுகொண்டிருந்தேன்.

"எறங்கு."

"வெட்டப் போறாங்களாப்பா?"

"ஆமா."

"நீங்க சொல்லுங்கப்பா, வேணாம்னு சொல்லுங்க."

"நான் சொன்னா கேப்பாங்களா? நாளைக்கே வேற டிரைவர வச்சுக்குவாங்க." தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தார். கைவிரலெல்லாம் சிவப்புச் சாயம். "அழாத. பாத்துக்கலாம்."

எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கே அப்போது தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

மறுநாள் காலை பசியாறிக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டு மாமா, அந்தப் பையனின் அப்பா, ஆயர் ஈத்தாம் பானைத் தொழிற்சாலைக்குப் போகிறவர், வழக்கம்போல் எங்கள் பின்கதவோரம் நின்று தொழிற்சாலை பஸ்ஸுக்குக் காத்திருந்தார். நல்ல மனிதர். ஊரில் யாருக்கு என்ன என்றாலும் முதலில் ஓடி வருகிறவர். அப்பா ரொட்டியைத் தேநீரில் தோய்த்தபடி, கொஞ்சம் உரக்கவே சொன்னார்.

"மச்சான், ஒரு கனவு வந்துச்சு."

"என்ன கனவு?"

"முனி வந்து நின்னாரு. தோட்டத்து எல்லையில இருந்தாரே, அவரு. தோட்டத்த அழிச்சிட்டீங்க, நான் எங்கடா போவேன், இப்ப இந்த மரத்துலதான் இருக்கேன்னாரு."

மாமாவின் கையிலிருந்த சோற்றுப் பெட்டி ஆடியது. "எந்த மரம்? தூங்குமூஞ்சி மரமா?"

"அதேதான்."

"தூங்குமூஞ்சி மரத்துல முனியா? வேம்பு இல்லாம, அரசு இல்லாம?"

"அத அவருகிட்ட நீதான் கேக்கணும்."

அம்மா தேநீர்க் கேத்தலைப் பிடித்தபடி நின்றாள். அப்பாவையே பார்த்தாள். பிறகு உள்ளே போய், தீபாவளிக்கு எடுத்த அப்பாவின் புது வேட்டியைக் கொண்டுவந்து, வாளியில் மஞ்சளைக் கரைத்து முக்கி எடுத்தாள். பஸ் வருவதற்குள் மரத்துக்கு மஞ்சள் துணி கட்டியாகிவிட்டது. சிவப்புப் பெருக்கல் குறி சரியாக அதன் அடியில் மறைந்துபோனது.

மரம் வெட்ட வந்த கான்ட்ராக்டர் ஒரு சீன முதலாளி, தவுக்கே என்று கூப்பிடுவோம். மஞ்சள் துணியையும், அதில் யாரோ செருகி வைத்திருந்த எலுமிச்சம்பழத்தையும் பார்த்தார். மெஷினை லோரியிலிருந்து இறக்கவேயில்லை. புல்டோசர்காரர் மலாய்க்காரர், "அலமாக்" என்று பதறி இரண்டு எட்டுப் பின்னால் போனார். மத்தியானம் தவுக்கே தானே நாலு ஆரஞ்சுப் பழமும் ஊதுபத்தியும் வாங்கி வந்து வைத்து, தன் ஆட்களுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று கும்பிட்டுவிட்டுப் போனார். இஞ்சினியர் வந்து தலையைச் சொறிந்தார். கடைசியில் கோட்டை வளைத்து, மரத்தைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அப்பாவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கனவு கண்டதற்காக எந்தக் கவுன்சிலும் ஒருவனை வேலையிலிருந்து நிறுத்த முடியாது.

நான் துள்ளிக் குதித்தேன். அன்று அப்பாவோடு லோரியில் முன்னால் உட்கார்ந்து கடைத்தெருவுக்குப் போனேன். எனக்கு ஒரே ஒரு சந்தேகம்.

"அப்பா, முனி எப்படி இருந்தாரு? மீச இருந்துச்சா?"

"யாரு?" என்றார் அப்பா, ரோட்டைப் பார்த்தபடி.

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. லோரியை ஓரமாக நிறுத்தினார். என்னைத் திரும்பிப் பார்க்காமலே, "யாருகிட்டயும் சொல்லாத, அம்மாகிட்டகூட" என்றார். சரி என்று தலையாட்டினேன். அவ்வளவு பெரிய ரகசியத்தைச் சுமப்பது பெருமையாகத்தான் இருந்தது. அது எவ்வளவு கனம் என்று அப்போது தெரியவில்லை.

மரத்தடியில் ஏற்றிய விளக்கு மழையில் அணைகிறது என்று ஊர்க்காரர்கள் முதலில் நாலு கம்பு நட்டு ஒரு தகரம் போட்டார்கள். தகரத்துக்கு இடைஞ்சல் என்று தாழ்ந்த கிளைகளைக் கழித்தார்கள். அதில் ஊஞ்சல் கிளையும் போனது. பக்கத்து வீட்டுப் பையன் அந்த டயரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அன்று பூராவும் அழுதான். மழையில் கால் சேறாகிறது என்று சிமெண்டுத் தளம் போட்டார்கள். மாமா, ஆயர் ஈத்தாம் பட்டறையில் சொல்லி ஒரு சூலம் அடித்துக் கொண்டுவந்தார். சூலம் நட்டதும் மேடை, மேடை கட்டியதும் சுவர். எல்லாம் அந்த ஒரே விடுமுறைக்குள். ஓய்வு நாளில் ஆண்கள் அத்தனை பேரும் மணலும் சிமெண்டும் குழைத்தார்கள். தோட்டத்தை விட்டு வந்ததிலிருந்து அவர்கள் அவ்வளவு சந்தோஷமாக ஒன்றுகூடி நான் பார்த்ததில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம்.

என் கதை வேறு. தகரம் போட்ட மறுநாளே நான் வழக்கம்போல் மரத்தில் ஏறப் போனேன். பாதி ஏறியிருப்பேன், அம்மா ஓடி வந்து காலைப் பிடித்து இழுத்தாள். முழங்கை சிராய்ந்தது. முதுகில் ஓர் அடியும் விழுந்தது.

"சாமி மேல ஏறுவியா? அதுவும் நீ ஏறலாமா?"

"என் டின்னு மேல இருக்கும்மா."

"இருக்கட்டும். இனிமே அந்தப் பக்கம் தலவச்சுப் படுக்கக் கூடாது."

அம்மா என்னை அடித்தது அன்று ஒரு நாள்தான். அதன் பிறகு பின்கதவுக்கு மேல் தாழ்ப்பாள் வந்தது, எனக்கு எட்டாத உயரத்தில். வயசுக்கு வரப்போகிற பெண், கோயில் பக்கம் திரியக்கூடாது என்று ஒரு காரணமும் வந்தது. ஆற்றில் இறங்கலாம் என்றால் அங்கே வேலி. கம்பி வேலிக்கு அந்தப் பக்கம், அதற்குள் கட்டி முடித்திருந்த சிமெண்டுக் கால்வாயில் சோப்புத் தண்ணீர் ஓடியது. மழைக்காலத்தின் மிச்ச நாளெல்லாம் நான் அந்தச் சமையல்கட்டில், கண்ணாடிப் பட்டை ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, என் மரத்தைச் சுற்றிச் சுவர் வளர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவை எனக்குப் பிடிக்காமல் போனது அப்போதுதான். அது நெடுங்காலம் நீடித்தது.

எனக்காகத்தான் அப்பா மரத்தைக் காப்பாற்றினார். காப்பாற்றிய மரத்தில் ஊரில் யார் வேண்டுமானாலும் சூடம் காட்டலாம், நான் மட்டும் ஏற முடியாது. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

அப்பாவின் பாடு அதைவிட மோசம். சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் கொஞ்சம் குடிப்பார், மறுநாள் கோழிக்கறி இல்லாமல் சாப்பிடமாட்டார். கனவு கண்டவர் குடிக்கலாமா, கறி தின்னலாமா என்று ஊரே சேர்ந்து இரண்டையும் நிறுத்திவிட்டது. முனிக்குப் படையலில் சாராயமும் சுருட்டும் உண்டு. தனக்கு வேண்டியதெல்லாம் கண்ணெதிரே முனிக்குப் போவதை அப்பா கைகட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பார். விடிந்ததும் விளக்கேற்ற வேண்டும், வேலை முடிந்து வந்ததும் விளக்கேற்ற வேண்டும். சினிமாவுக்குப் போவதும் நின்றது. ஒரு கல்யாணத்துக்காக இரண்டு நாள் வெளியூர் போக முடியவில்லை.

ஒரு நாள் ஒரு பெண் காய்ச்சலில் கொதிக்கிற கைக்குழந்தையைக் கொண்டுவந்து அப்பாவின் காலடியில் கிடத்திவிட்டாள். "நீங்க துன்னூறு போட்டாதான் எம்புள்ள பொழைக்கும்."

அப்பா குனிந்து குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போம்மா."

"முனி இருக்கறப்ப ஆஸ்பத்திரி எதுக்கு?"

அப்பாவுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது குறைவு. குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு, அந்தப் பெண்ணையும் இழுத்துப் போட்டுக்கொண்டு, கவுன்சில் லோரியிலேயே குளுவாங் ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். குழந்தை பிழைத்தது. டாக்டர் ஊசி போட்டதால் பிழைத்தது. ஆனால் ஊரில் என்ன சொன்னார்கள்? முனியே லோரி ஓட்டிக்கொண்டு போனார் என்றார்கள். அடுத்த வாரம் பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கூட்டம் தாங்கவில்லை என்று சுவரை இன்னும் தள்ளிக் கட்டினார்கள்.

விடுமுறை முடிகிற சமயம், ஒரு மத்தியானம். எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள். ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், அப்பா கடப்பாரையால் மரத்தடிச் சிமெண்டை உடைத்துக்கொண்டிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தளம் போட்டபோது வேர்வரைக்கும் நெருக்கிப் பூசிவிட்டார்கள். தண்ணீர் இறங்க வழியில்லாமல் மரம் இலையைக் கொட்ட ஆரம்பித்திருந்தது. இருந்த இலையும் வெயில் ஏறின பிறகுகூட விரியாமல் மடங்கியே கிடந்தது.

ஒரு சாண் அளவு உடைத்திருப்பார். அன்று வேலைக்குப் போகாத பக்கத்து வீட்டு மாமா வந்துவிட்டார்.

"என்ன மச்சான் பண்றீங்க? சாமி பீடத்த ஒடைக்கறீங்க!"

அப்பா நிமிர்ந்தார். வாயைத் திறந்தார். இப்போது சொல்லிவிடுவார், எல்லாவற்றையும் சொல்லிவிடுவார் என்று நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொன்னால் சுவர் போய்விடும், என் மரம் எனக்குக் கிடைத்துவிடும். அப்பா மாமாவின் முகத்தைப் பார்த்தார். தோட்டம் போன பிறகு அந்த மனிதர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் வந்ததே இந்தக் கோயிலால்தான்.

"தண்ணி எறங்கணும்ல மச்சான்" என்று மட்டும் சொன்னார்.

மாமா யோசித்தார். பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அபிசேகத் தண்ணி வேருல எறங்கணும்னு முனி சொன்னாரா? நமக்குத் தோணலயே, பாருங்க!"

மறுநாளே அந்த ஓட்டையைச் சுற்றி அழகாக ஓடு பதித்து, பித்தளை வளையம் வைத்துவிட்டார்கள். அதற்கு மேல் ஒரு விரல்கூட அகலப்படுத்த முடியாமல் போயிற்று.

பள்ளி திறந்த வாரம், குத்துவிளக்கு திருடு போனதென்று இரும்புக் கதவு போட்டார்கள். சாவி அப்பாவிடம். அவர் சாகிறவரைக்கும் அது அவர் இடுப்பில்தான் இருந்தது. கவுன்சிலில் வேலை நிரந்தரம் ஆயிற்று, ஓய்வும் பெற்றார். அந்த வேலையிலிருந்து ஓய்வு கிடைத்தது, இந்த வேலையிலிருந்து கிடைக்கவில்லை. கடைசிக் காலத்தில் ஒரு நாள் கட்டிலில் கிடந்தபடி என்னிடம் சொன்னார்: "ஒரு துணி கட்டுனேன், அவ்வளவுதான். அவுக்கத் தெரியல." நான் அவர் கையைத் தடவிக் கொடுத்தேன். அம்மா வாசல்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்டிருக்காது என்று நினைத்தேன்.

இனி கூட்டத்துக்கு வருகிறேன்.

கவுன்சிலிலிருந்து வந்தவள் ஒரு தமிழ்ப்பெண், பொந்தியான் ஊர்க்காரி, என் மகள் வயது. திரையில் படம் போட்டுக் காட்டினாள். சிமெண்டுக் கால்வாயை உடைத்து ஆற்றைத் திரும்ப ஆறாக்கப் போகிறார்களாம். வேலியை எடுத்துவிட்டுக் கரையோரம் நடைபாதை, பிள்ளைகள் தண்ணீரில் இறங்கப் படிக்கட்டு. எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. இருந்ததை மூடினார்கள், இப்போது மூடினதைத் திறக்க ஒரு திட்டம். பரவாயில்லை, திறந்தால் சரி.

"இந்தத் தூங்குமூஞ்சி மரந்தான் இந்தக் கரையில இருக்கற ஒரே பெரிய மரம்" என்றாள். "மரத்தைப் பத்தித் தெரிஞ்சவங்க வந்து பார்த்தாங்க. அந்தச் சின்ன ஓட்டையில ஊத்தற தண்ணியாலதான் இத்தன வருசம் உயிரோட இருக்காம். ஆனா வேர் ரொம்ப நெருக்கத்துல இருக்கு. தளத்தையும் சுவரையும் கூரையையும் எடுக்கலன்னா மரம் தாங்காது. சாமி அங்கயே இருக்கட்டும், மரத்தடியில. கட்டடம் மட்டும் போகணும். நீங்க சம்மதிச்சாதான் செய்வோம் அங்கிள், யாரையும் ஃபோர்ஸ் பண்ண மாட்டோம் லா" என்றாள், கோயில் தலைவரைப் பார்த்து.

கோயில் தலைவர் எழுந்தான். 'ன்' போடுகிறேனே என்று பார்க்காதீர்கள், அவன் அந்தப் பக்கத்து வீட்டுப் பையன். டயரைக் கட்டிப் பிடித்து அழுதவன். இப்போது நரைத்த மீசை, கழுத்தில் உருத்திராட்சம். "எங்கப்பா கையால கட்டுன சொவரு. முனியே கனவுல வந்து எடத்தக் கேட்டு வாங்கின கோயிலு இது. ஒரு செங்கல்லத் தொட விட மாட்டோம்" என்றான். கூட்டம் அவன் பக்கம் முணுமுணுத்தது. அந்தப் பெண் காகிதங்களை அடுக்க ஆரம்பித்தாள்.

கனவே வரவில்லை, எங்கப்பா சொன்ன பொய் அது, எனக்காகச் சொன்ன பொய். இதைச் சொன்னால் மரம் பிழைக்கும். சொன்னால் அப்பா செத்த பிறகு ஊர் முன்னால் பொய்யராவார். மாமா கும்பிட்டதெல்லாம் வீணாகும். இத்தனை வருஷம் தினமும் விளக்குக்கு எண்ணெய் கொண்டுபோன அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். நாற்காலியின் கையைப் பிடித்து எழப் போனேன். பாதியில் நின்றேன். சமையல்கட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற அதே பிள்ளையாகத்தான் அங்கேயும் இருந்தேன்.

அம்மா என் மணிக்கட்டை அழுத்தினாள். "நீ ஒக்காரு."

தடியை ஊன்றி அவள் எழுந்தாள். முன்னாலிருந்தவர்கள் திரும்பி உட்கார்ந்தார்கள். கனவு கண்டவரின் மனைவி என்பதால் எங்கள் ஊரில் அம்மாவுக்கு ஒரு மரியாதை உண்டு.

"நேத்து மத்தியானம் சாப்புட்டுட்டுக் கொஞ்சம் கண்ணசந்தேன்" என்றாள். "வந்தாரு."

"யாரு அத்த?" என்றான் தலைவர்.

"வேற யாரு வருவா? ஒங்க மாமாவுக்கு வந்தவருதான். மூச்சு முட்டுதுன்னாரு. கூரைய எடுங்கன்னாரு. மழ மேல பட்டு எத்தன காலமாச்சு, காலச் சுத்திப் பூசியிருக்கற சிமெண்ட ஒடைங்கன்னாரு."

தலைவர் தடுமாறினான். "முனியேதான் சொன்னாரா அத்த? நல்லாத் தெரியுமா?"

"எம்புருசன் கண்டத நம்பித்தானே இத்தன கட்டுனீங்க? நான் கண்டத நம்ப மாட்டீங்களா?"

ஒரு கனவைச் சந்தேகப்பட்டால் இன்னொரு கனவையும் சந்தேகப்பட வேண்டும். தலைவர் உருத்திராட்சத்தைப் பிடித்தபடி நின்றான். பிறகு, குரல் இறங்கிப்போய், "வேற என்ன அத்த சொன்னாரு?" என்றான்.

அம்மா அவன் பக்கம் திரும்பினாள். "புள்ளைங்க சத்தம் கேட்டு ரொம்ப நாளாச்சுன்னாரு. முன்னல்லாம் ஒருத்தன் டயருல ஆடுவானேன்னாரு."

அவன் உட்கார்ந்துவிட்டான். கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான். தைப்பூசம் கழிந்ததும் கூரையைப் பிரிப்பது என்று அங்கேயே முடிவாயிற்று. பொந்தியான் பெண்ணுக்கு என்ன நடந்தது என்றே புரியவில்லை. "சோ, ஓக்கேவா ஆண்டி?" என்று என்னைக் கேட்டாள். ஓக்கே என்றேன்.

திரும்பும்போது காரை நான்தான் ஓட்டினேன். கோயிலைத் தாண்டினோம். தகரத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த கிளையில் இலையெல்லாம் மடங்கத் தொடங்கியிருந்தது. கேத்தலைப் பிடித்தபடி அம்மா அப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்தக் காலை ஞாபகம் வந்தது. என் காலைப் பிடித்து இழுத்ததும், எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் போட்டதும். கனவு கண்டவரின் மகளே சாமி மரத்தில் ஏறி விளையாடினால் கனவை யார் நம்புவார்கள்? அப்பாவின் வேலை என்ன ஆகியிருக்கும்? அத்தனை வருஷம் எதற்காக அம்மாவின்மேல் அவ்வளவு கோபமாக இருந்தேன்?

இருந்தாலும் நிச்சயம் பண்ணிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

"அம்மா, முனி எப்படி இருந்தாரு? மீச இருந்துச்சா?"

"யாரு?" என்றாள் அம்மா, ரோட்டைப் பார்த்தபடி.